10,000 ரூபாய்க்குள் பழைய கம்ப்யூட்டரில் எதை மாற்றுவது? (ஃபிளெக்ஸ் டிசைன் வேலை)

கலர்ப்பெட்டி, அருப்புக்கோட்டை:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர் எல்லாம் டிசைன் பண்ணிக் கொடுக்கிறேன். 2014ல் என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். ஐ3 4130 பிராசஸர், ஹெச்81 போர்டு, 8 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. போட்டோஷாப் சி.எஸ்.6, கோரல் டிரா இரண்டும் ஓட்டுகிறேன்.

ஆன் பண்ணினால் வேலை ஆரம்பிக்கவே ஐந்தாறு நிமிஷம் ஆகிறது. பெரிய பேனர் ஃபைலை சேவ் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வந்தாலும் முடிந்திருக்காது. முகூர்த்த மாசத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆர்டர் வரும், பாதியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. கையில் 10,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் கேட்டால் கிராபிக்ஸ் கார்டு போடுங்கள், பறக்கும் என்கிறார்கள். இன்னொருவர் ஐ7 பிராசஸர் மாற்றச் சொல்கிறார். எதற்குச் செலவழிக்கட்டும்?

ராத்திரி கேமர்:
அக்கா, ஜி.டி.எக்ஸ். 1650 பழையது தேடுங்க. தனி பவர் கனெக்டர் இல்லாத மாடலும் இருக்கு, 75 வாட்தான், போர்டு ஸ்லாட்லயே ஓடும். என்னோட பழைய மெஷின்ல போட்டதும் ஆளே மாறிடுச்சு.

சர்வீஸ் அண்ணாச்சி, மதுரை:
தம்பி, நீங்க சொல்றது கேமுக்குச் சரி. சி.எஸ்.6ல லிக்விஃபை (படத்தை இழுத்து வளைக்கிறது) மாதிரி சில வேலைக்கும், ஜூம் பண்றதுக்கும் கார்டு உதவும். ஃபைல் திறக்கிறது, சேவ் ஆகிறது எல்லாம் கார்டு வேலை இல்ல. அக்காவோட காசு அதுல போகக் கூடாது.

அம்மா, ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காம முதல்ல நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

பேனர் வேலை நடக்கும்போது டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க், மெமரி (ராம்), சி.பி.யு. (பிராசஸர்) எத்தனை சதவீதம் காட்டுது? போட்டோஷாப் ஜன்னலுக்குக் கீழே இடது ஓரத்துல ஃபைல் அளவு தெரியும். பக்கத்து அம்புக்குறியைத் தட்டி 'எஃபிஷியன்சி'ன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுங்க. 100க்குக் கீழே இருந்தா ராம் பத்தாம ஹார்டு டிஸ்க்கை ராம் மாதிரி பயன்படுத்துதுன்னு அர்த்தம். நீங்க திறக்கிறது 32 பிட் போட்டோஷாப்பா, 64 பிட்டா? கடைசியா, பேனரை எந்த டி.பி.ஐ.ல (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளி) பண்றீங்க?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல உங்க ஹார்டு டிஸ்க் நீலமா, மஞ்சளா, சிவப்பா காட்டுதுன்னும் பாருங்க.

கலர்ப்பெட்டி:
அண்ணாச்சி, பார்த்துவிட்டேன். சேவ் ஆகும்போது டிஸ்க் 100, மெமரி 60 பக்கம், சி.பி.யு. 20ஐத் தாண்டவில்லை. எஃபிஷியன்சி 41 சதவீதம். திறப்பது 32 பிட். பழைய பிளக்இன் (போட்டோஷாப்புடன் சேர்க்கும் சின்ன சாஃப்ட்வேர்) ஒன்று அதில்தான் வேலை செய்யும் என்று சொல்லி அப்படியே வைத்துக் கொடுத்தார்கள். 10க்கு 8 அடி பேனரை 150 டி.பி.ஐ.யில் பண்ணுகிறேன். டிஸ்க் மஞ்சளாக இருக்கிறது, 'கரன்ட் பெண்டிங் செக்டார்' என்ற வரியில்.

சர்வீஸ் அண்ணாச்சி:
மஞ்சள்னா இன்னைக்கே உங்க ஃபைலையெல்லாம் வேற இடத்துல காப்பி எடுத்திடுங்க. அந்த வரி, டிஸ்க்கால சரியாப் படிக்க முடியாத இடங்களைக் காட்டுது. அப்படிப்பட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயற்சி பண்றப்போ மெஷின் உறைஞ்ச மாதிரி நிக்கும். மத்ததெல்லாம் அப்புறம்.

இனி கணக்கு. 10 அடின்னா 120 இஞ்ச், 8 அடின்னா 96 இஞ்ச். 150 டி.பி.ஐ.ல 18,000க்கு 14,400, கிட்டத்தட்ட 26 கோடி பிக்சல். சி.எம்.ஒய்.கே.ல (அச்சுக்கான நாலு நிறம்) பிக்சலுக்கு 4 பைட். முழு அளவு லேயர் ஒண்ணே 1 ஜி.பி.க்கு மேல வருது. பின்னணி, போட்டோ, பூ வேலைன்னு நாலஞ்சு லேயர் போட்டு, அன்டூ ஹிஸ்டரியையும் சேர்த்தா எங்கே போய் நிக்கும் பாருங்க. 32 பிட் போட்டோஷாப் 4 ஜி.பி.க்கு மேல தொடவே முடியாது. உங்க மெமரி 60லயே நின்னதுக்குக் காரணம் அதுதான். நீங்க 32 ஜி.பி. ராம் வாங்கிப் போட்டாலும் நேரடியா அதுக்குப் பிரயோஜனம் இல்ல. மிச்சமெல்லாம் அந்த மஞ்சள் டிஸ்க் தலையில விழுது.

அதே பேனர் 72 டி.பி.ஐ.ல 8,640க்கு 6,912. லேயர் சுமார் 240 எம்.பி.தான், நாலுல ஒரு பங்குக்கும் கம்மி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கிற பேனருக்கு 72 போதும், ஃபிளெக்ஸ் அடிக்கிறவங்க பலரும் அதைத்தான் வாங்கிக்கிறாங்க. உங்க பிரிண்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பத்திரிகைக்கு மட்டும் 300 வேணும், அதைக் குறைக்காதீங்க.

அச்சுக்கூடத்துப் பையன், சிவகாசி:
அக்கா, அண்ணாச்சி சொல்றது சத்தியம். எங்களுக்கும் 72ல வந்தா ஃபைல் அனுப்பறது, அடிக்கிறது எல்லாமே சுலபம். சின்ன எழுத்து, போன் நம்பரை மட்டும் கோரல்ல எழுத்தாவே வைங்க, பிசிறு வராது.

ராத்திரி கேமர்:
அண்ணாச்சி, அப்போ ஐ7 4770? அதே சாக்கெட்தானே, போட்டா இன்னும் வேகமாகுமே?

சர்வீஸ் அண்ணாச்சி:
அந்த சாக்கெட்ல அது பொருந்தும் தம்பி. ஆனா சி.பி.யு. 20ல சும்மா நிக்கறப்போ பெரிய சி.பி.யு. என்ன பண்ணும்? விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு இன்டெல்னா பெரும்பாலும் 8வது தலைமுறையில இருந்துதான் முறையான அனுமதி, இது 4வது. இந்த போர்டுல போடற பிராசஸரும் டி.டி.ஆர்.3 ராமும் அடுத்த மெஷினுக்கு வராது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா போடற வேகமான எஸ்.எஸ்.டி. வரும்.

அதனால அம்மா, 500 ஜி.பி. சாட்டா (கேபிள்ல மாட்டற வகை) எஸ்.எஸ்.டி. ஒண்ணு புதுசா, பில்லோட, வாரண்டியோட வாங்குங்க. உங்க போர்டு பழசு, எம்.2 (போர்டுலயே செருகற வகை) வேண்டாம், இரண்டரை இஞ்ச் மாடல் கேளுங்க. ஹெச்81ல ரெண்டு சாட்டா போர்ட் மட்டும் நொடிக்கு 6 ஜிகாபிட் வேகம், மத்தது பாதி. மேனுவலைப் பார்த்து அந்த வேகமான போர்ட்ல மாட்டச் சொல்லுங்க. டிஸ்க் அடிபட்டிருக்கறதால குளோன் (அப்படியே நகல்) பண்ண வேண்டாம், விண்டோஸைப் புதுசாவே போட்டுக்கோங்க. போர்டு அதேதான்கறதால, ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் நெட் இணைச்சதும் தானா ஆக்டிவேட் ஆகிடும். அப்புறம் 64 பிட் போட்டோஷாப் திறங்க. 8 ஜி.பி. ஒரே குச்சியா இருந்தா, இன்னொரு 8 பழையது போட்டு 16 ஆக்குங்க. உங்க போர்டுக்கு அதுதான் உச்சம்.

உங்க யு.பி.எஸ். எத்தனை நிமிஷம் தாங்குது?

கலர்ப்பெட்டி:
கரன்ட் போனதும் கூடவே போய்விடும், அண்ணாச்சி.

சர்வீஸ் அண்ணாச்சி:
பேட்டரி செத்துப் போச்சு. பெரும்பாலான சின்ன யு.பி.எஸ்.ல 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரிதான். பழசைக் கையோட எடுத்துட்டுப் போய் அளவு பார்த்து மாத்திடுங்க. சேவ் நடக்கும்போது கரன்ட் போனா ஒரு ராத்திரி உழைப்பு போயிடும்.

கலர்ப்பெட்டி (பத்து நாள் கழித்து):
எல்லாம் முடித்துவிட்டேன். எஸ்.எஸ்.டி. 3,400, பழைய 8 ஜி.பி. ராம் 1,300, யு.பி.எஸ். பேட்டரி 1,100, மாட்டின கூலி 300. மொத்தம் 6,100. முந்தின நாளே ஃபைல் எல்லாம் வெளி டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன், மூன்று பழைய ஆல்பம் ஃபைல் மட்டும் திறக்கவில்லை.

இப்போது ஆன் பண்ணி அரை நிமிஷத்தில் வேலை செய்யலாம். பிரிண்டர் 72க்கு உடனே சரி சொன்னார். அதே 10க்கு 8 பேனர், எஃபிஷியன்சி 100, சேவ் ஆக பத்து வினாடி. அந்தப் பிளக்இன்னுக்காக மட்டும் எப்போதாவது 32 பிட்டைத் திறக்கிறேன். மீதி 3,900ஐ அடுத்த மெஷினுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணாச்சி, நேற்று ஒன்பது ஆர்டர். ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை.

சர்வீஸ் அண்ணாச்சி:
ரொம்ப சந்தோஷம்மா. அந்த மஞ்சள் டிஸ்க்கைக் கழட்டி வைங்க, பேக்கப்புக்குக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.