கிளாட் (CLAT, சட்டக் கல்லூரி நுழைவு) தேர்வுக்கு வாசிப்புச் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மகள் பிளஸ் டூ, டிசம்பரில் கிளாட் எழுதுகிறாள். 120 கேள்வி, இரண்டே மணி நேரம். ஆங்கிலப் பகுதியில் ஒவ்வொரு பத்தியும் 450 வார்த்தை வரை போகும்; தப்பாகப் போட்டால் கால் மார்க் காலி.

நேற்று மாதிரித் தேர்வு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வரிக்கு வரி பென்சிலால் கோடு போடுகிறாள், அப்புறம் முதல் வரிக்கே திரும்பிவிடுகிறாள். நான்கு விடைகளில் இரண்டைச் சரியாகத் தள்ளிவிடுகிறாள். மிச்சம் இரண்டில்தான் சறுக்கல். சேர்த்துவிட்ட கோச்சிங்கில் கொடுத்ததோ மனப்பாடம் செய்ய ஒரு வார்த்தைப் பட்டியல்! சட்டம் படித்தவர்களோ ஆங்கில ஆசிரியர்களோ, கூடவே உட்கார்ந்து படிக்க வைப்பவர் வேண்டும். மதுரையில் நேரில் என்றால் நல்லது, ஆன்லைனும் சரி. வாரம் இரண்டு நாள், மாலை ஏழுக்கு மேல். கட்டணத்தோடு உள்பெட்டியில் சொல்லுங்கள்.