மாஸி 1035 டிராக்டர்: கியர் லிவரைத் திரும்ப மாட்டியபின் கியர் விழவில்லை, நியூட்ரலிலேயே வண்டி நகர்கிறது

டெல்டா_உழவன்:
வணக்கம். எங்களுடையது அப்பா காலத்து மாஸி 1035 டிராக்டர். பெரிய கியர் லிவர் அடியில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து சேற்றுழவின்போது தண்ணீர் உள்ளே போய்விட்டது, ஆயிலைத் தொட்டுப் பார்த்தால் பால் டீ மாதிரி இருக்கிறது. சரி, பூட்டை மாற்றிவிடலாம் என்று மூடியையும் ஸ்பிரிங்கையும் கழற்றி லிவரை மேலே உருவினேன். புது பூட் போட்டு அதே மாதிரி இறக்கி மாட்டியாச்சு. இப்போது லிவர் எந்தப் பக்கமும் போக மறுக்கிறது. ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் சின்ன லிவரை (ஹை-லோ மாற்றுவது) லோவில் போட்டு கிளட்சை விட்டதும் வண்டி மெதுவாக முன்னால் நகர்ந்து, கொட்டகைத் தூணுக்கு ஒரு முழம் முன்னால்தான் நிறுத்த முடிந்தது. கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டுமா? நாற்றங்கால் தயாராக இருக்கிறது, ரொம்பக் கவலையாக இருக்கிறது.

பட்டறை_அண்ணன்:
தம்பி, முதலில் சாவியை எடுத்து பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிரிக்க வேண்டியதில்லை. லிவரை உருவும்போது வண்டி கியரில் நின்றதா?

டெல்டா_உழவன்:
ஆமாம் அண்ணே, ஹேண்ட் பிரேக் பிடிக்காது, எப்போதும் 1-வது கியரில்தான் நிறுத்துவோம்.

பட்டறை_அண்ணன்:
அதுதான் விஷயம். பெரிய லிவருக்குக் கீழே கியரை நகர்த்தும் இரண்டு ஷிஃப்டர் ராடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று 1-ம் ரிவர்ஸும், இன்னொன்று 2-ம் 3-ம். உங்களுடையதில் முதல் ராடு இன்னும் 1-லேயே நிற்கிறது, லிவர் நுனி மற்ற ராட்டின் காடியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு ராடு கியரில் இருந்தால் மற்றதை நகரவிடாமல் உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது, அதனால்தான் லிவர் அசையவில்லை. தயவுசெய்து பலம் கொடுத்து இழுக்காதீர்கள், கியரைத் தள்ளும் ஃபோர்க் வளைந்துவிடும். ஸ்டார்ட் ஆவதைப் பார்த்து ஏமாறவும் கூடாது, சேஃப்டி சுவிட்ச் பார்ப்பது சின்ன லிவர் நடுவில் இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

சின்ன லிவரை நடுவில் வைத்து, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டுவிட்டு, லிவரை மறுபடி உருவி டார்ச் அடித்துப் பாருங்கள். காடிகள் இரண்டும் ஒரே நேராக இல்லாமல் ஒன்று தள்ளி நிற்கும். நீளமான பட்டை ஸ்க்ரூ டிரைவரால் அதை நேருக்குக் கொண்டுவாருங்கள். வராவிட்டால் கியர் பல் இறுகியிருக்கிறது, இன்ஜின் ஃபேனைக் கையால் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே தள்ளினால் கழன்று 'டக்'கென்று நியூட்ரலில் உட்காரும், அந்தச் சத்தம் கையிலேயே தெரியும். அப்புறம் லிவரை இறக்கினால் நுனி இந்தக் காடிக்கும் அந்தக் காடிக்கும் தாராளமாகப் போய்வர வேண்டும். மூடியைப் போட்டபின் சின்ன லிவரை லோவில் வைத்து, கட்டையை எடுத்துவிட்டு ஆள் வைத்துத் தள்ளுங்கள், வண்டி உருள வேண்டும். உருளாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

கரிசல்காடு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. இந்த வண்டியில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். திறந்த ஓட்டையில் மண்ணோ ஸ்பிரிங் துண்டோ விழுந்தால் லிஃப்ட் பம்புக்கும் கேடு, அதனால் கை வைக்காத நேரமெல்லாம் சுத்தமான துணியால் மூடிவையுங்கள். பால் டீ ஆயிலை வைத்துக்கொண்டு நாற்று உழவுக்குப் போகாதீர்கள், பேரிங் துரு பிடிக்கும். லிவர் நுனியையும் பாருங்கள். எங்களுடையது தேய்ந்து சுண்டுவிரல் நுனி மாதிரி உருண்டு, காடியிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. வெல்டிங் வைத்து அரம் போட்டு ஒரு போகம் ஓட்டினோம், பிறகு புது லிவர்தான்.

டெல்டா_உழவன்:
அண்ணே, வந்துவிட்டது! இடது பக்கக் காடி அரை அங்குலத்துக்கு மேல் தள்ளி நின்றது. ஃபேனை மகன் ஆட்ட, நான் தள்ள, மூன்றாவது தடவை 'டக்'. தள்ளினால் உருள்கிறது, நாலு கியரும் விழுகிறது. நுனி ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அறுப்பு முடிந்ததும் மாற்றுகிறேன். ஆயிலை இறக்கிக்கொண்டிருக்கிறேன், முதலில் வந்தது ஒரு சொம்பு வெறும் தண்ணீர்.