மதுரை செல்லூர் பக்கம் பூத்ல கூட்டம், அப்பத்தாவ எப்ப கூட்டிட்டுப் போறது?

கேள்வி: எங்க பூத் ஸ்கூல்ல இருக்கு, போன தடவ வரிசை கேட்டத் தாண்டி டீக்கடை வரைக்கும் வந்துருச்சு, நிழலே இல்ல, பொம்பளைங்க முந்தானையத் தலைல போட்டுக்கிட்டு நின்னாங்க. அப்பத்தாவுக்கு 80, முட்டி வலி வேற, ஆனா ஓட்டுப் போட்டே ஆகணும்ங்கிறாங்க. வோட்டர் ஐடியயும் காணோம், என்ன செய்யலாம்?

பதில் 1: தம்பி, காலைல 7 மணிக்கே கூட்டிட்டுப் போயிருங்க. வயசானவங்கள வரிசைல நிக்க வைக்கவே கூடாது, வாசல்ல இருக்க போலீஸ்கிட்ட சொல்லுங்க, நேரா உள்ள விடுவாங்க. வீல்சேரும் கேளுங்க. வீட்லயே ஓட்டுப் போடுற வசதி, வயசானவங்கள்ல 85 தாண்டுனவங்களுக்குத்தான், அதுக்கு முன்கூட்டியே 12டி படிவம் குடுக்கணும்.

பதில் 2: ஐடி இல்லாட்டி ஆதார், பான் கார்டு, போட்டோ ஒட்டுன பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை எது இருந்தாலும் போதும், ஆனா லிஸ்ட்ல பேர் இருக்கணும், அத இப்பவே பாத்துருங்க. பூத் ஸ்லிப்ப மட்டும் காட்டுனா விடமாட்டாங்க.

பதில் 3: சாயங்காலம் போனாலும் பயப்படாதீங்கண்ணே, முடியிற நேரத்துக்குள்ள வரிசைல நின்னுட்டா போதும், டோக்கன் குடுத்துருவாங்க, எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போடலாம். 2019-ல ஏப்ரல் 18 சித்திரைத் திருவிழா தேரோட்டத்தன்னிக்கே எலெக்‌ஷன் வந்துச்சுல்ல, மதுரைக்கு மட்டும் ராத்திரி 8 மணி வரைக்கும் நேரம் குடுத்தாங்க.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, ஆதார் இருக்கு, காலைலயே ஆட்டோ சொல்லிடுறேன்.