வெளிநாட்டுச் சொந்தங்களும் திருகோணமலையும்: நீங்கள் கண்டது, பட்டது

உப்புவெளி வான்காரன்:

ஜூலை கடைசியில் வெளிநாட்டில் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் ஓகஸ்ட் முடியும்வரை எனக்கு ஒழுங்கான நித்திரை கிடையாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆக்களை ஏற்றிக்கொண்டு குருநாகல், தம்புள்ள, ஹபரண என்று வரும்போது எல்லாரும் தூக்கம். கந்தளாய் தாண்டியதும் முன்சீற்றில் இருக்கும் பெரியவர் கதைக்கத் தொடங்குவார். இந்தச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்ததே, அந்த வயல் இப்போது யாரிடம், தம்பலகாமம் கோணநாயகர் கோயில் திருவிழா முடிந்துவிட்டதா. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததற்கு “ஓம் ஐயா” போடுவேன்.

போன ஆடி அமாவாசைக்கு ஒரு அக்கா லண்டனிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தா. அங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தாயார் அங்கேயே காலமாகி, அங்கேயே எரித்தாயிற்று. மண்டபத்தில் கொடுத்த நேரம் அரை மணித்தியாலம்தானாம். அடுத்த சவப்பெட்டி வெளியே காத்திருக்க, அழுது முடிக்கக்கூட இல்லை என்றா. அதனால் கிரியையைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் செய்ய வேண்டும் என்று பிடிவாதம். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. சின்னவன் முதல் வாளியை ஊற்றிக்கொண்டு “அம்மா, கீஸர்!” என்று கத்தினான்.

மெல்போர்னில் இருக்கும் தங்கச்சி போனில் வீடியோவில் நிற்கிறா. சங்கற்பம் சொல்லும் நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. ஐயர் தர்ப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் போனைத் தூக்கிக்கொண்டு றோட்டுப் பக்கம் ஓடி, திரும்ப இணைத்துக் கொண்டுவந்தேன். இப்போது அதே ஐயர் மந்திரம் தொடங்க முன் “வெளிநாட்டில நிக்கிறவை எல்லாரும் வந்தாச்சோ?” என்று கேட்கிறார், பார்த்தீர்களா!

கடற்கரை ஹோட்டலில் ஒரு கிழமை தங்கி, கோட்டைக்குள் மானோடு படம் எடுத்து, கோணேசரைக் கும்பிட்டுப் போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களால்தான் என் வான் ஓடுகிறது. ஆனால் ஊரில் ஒரு கடமையை வைத்திருப்பவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது என் கணிப்பு. உங்கள் அனுபவம் என்ன? நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள்.

ஸ்காபரோ வாசி:

தம்பி, கடமை என்றீர்கள். நான் எழுதுவது காசு.

இங்கே கனடாவில் எங்கள் பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு வருடமும் பனிக்காலத்தில் ஒரு இராச்சாப்பாடு வைக்கும். மண்டபம், கொத்துரொட்டி, பாட்டுக் கச்சேரி, கடைசியில் ஏலம். அப்படிச் சேர்த்த காசில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கணினிகள் கொடுத்தோம். பிறகு ஊருக்குப் போனபோது நான் பார்க்கப் போனேன். அறைக்குப் பூட்டு. திறந்தால் எல்லாவற்றுக்கும் பொலித்தீன் உறை, பிரிக்கவே இல்லை. படிப்பிக்க ஆள் இல்லை. அதிபர் ஒளிக்காமல் சொன்னார்: “எனக்கு இது வேண்டாம் தம்பி. ஓ.எல். சோதனை எடுக்கிற பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க ஒரு ஆளைத் தாங்கோ.”

திரும்பி வந்து கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். கட்டடம் என்றால் வாசலில் கல் பதித்துப் பேர் போடலாம். மாதாமாதம் கொடுக்கும் சம்பளத்துக்கு எங்கே கல் பதிப்பது? யாரும் வாய்விட்டு இப்படிச் சொல்லவில்லை, ஆனால் பேச்செல்லாம் அதைச் சுற்றித்தான். கடைசியில் சங்கத்துக்கு வெளியே சில பேர் சேர்ந்து மாதக் காசு போடுகிறோம்.

நடத்துகிறவர் திருகோணமலை டவுனில் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். முன்பென்றால் அந்தப் பக்கம் போகப் பாதைப் படகு ஏறி இறங்கி அரைநாள் போகும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு காலை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வந்துவிடுகிறா. எங்களில் ஒருவர் வகுப்பு நடக்கிற படம் கேட்டார். ரீச்சர் வட்ஸ்அப்பில் குரல் செய்தி போட்டா: “பிள்ளையளைக் காட்டிக் காசு வாங்க நான் என்ன பொம்மலாட்டமோ நடத்துறன்? மார்க்ஸ் அனுப்புறன், அதைப் பாருங்கோ.” அன்றைக்குப் பிறகு படம் கேட்டு ஒருவரும் வாய் திறக்கவில்லை. தவணைக்கு ஒரு தடவை மார்க்ஸ் வருகிறது, நீல மையில் கையால் கோடு போட்ட தாளில். அதில் ஒரு பிள்ளைக்கு 11, அடுத்த தவணை 34, அதற்கடுத்து 29. அந்த 29 ஐப் பற்றி நாங்கள் மூன்று நாட்டிலிருந்து கவலைப்பட்டோம்.

காணிக் கந்தோர்க் கிளார்க்:

சட்டத்தரணி ஒருவரிடம் வேலை செய்கிறேன். எங்கள் மேசைக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தம் பெரும்பாலும் கோபத்தோடுதான் வரும்.

நிலாவெளி றோட்டில் ஒரு தாயின் வளவு. மூத்தவர் நோர்வே, இளையவர் பிரான்ஸ். எண்பதுகளின் நடுவில் போனவர்கள். தூரத்து உறவு ஒரு குடும்பத்தை “இருந்து பாருங்கோ” என்று விட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பம் கிணறு வெட்டி, தென்னை வைத்து, சுனாமிக்குப் பிறகு வீட்டையும் திருத்திக்கொண்டது. யுத்தம் முடிந்து கடற்கரைப் பக்கம் காணி விலை ஏறியதும் அண்ணன் தம்பிக்கு வளவு ஞாபகம் வந்தது. (இது என் நக்கல் இல்லை, அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னது.)

எங்கள் நாட்டுச் சட்டப்படி, உடையவரின் உரிமையை மறுத்துப் பத்து வருடம் இடையீடு இல்லாமல் காணியை ஆண்டு வந்தவர் ஆட்சியுரிமை கோரலாம். 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். உடையவர் அனுமதி தந்து இருந்தவர் அப்படி இலகுவில் கோர முடியாது, ஆனால் அனுமதியை எதைக் காட்டி நிரூபிப்பது? யுத்தத்தால் வரமுடியாமல் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. எங்களிடம் வந்தவர்களில் பலருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. ஊர்க் கோயில் கொடியேற்றம் எந்த நாள் என்று தெரியும், இது தெரியாது.

அதோடு குடியுரிமை. வேறு நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தால் இந்த நாட்டுக் குடியுரிமை போய்விடும், இரட்டைக் குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். 2014 காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் பேருக்குக் காணி எழுத முடியாது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வருவதற்கும் இரட்டைக் குடியுரிமைக்காரருக்கும் விலக்கு உண்டு. அற்றோணித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் ஒப்பமிட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுப்பதானால் அங்கே தூதரகத்தில் ஒப்பமிட்டு, இங்கே கொண்டுவந்து பதியவும் வேண்டும். பதியாத தத்துவத்தைக் கொண்டு காணி உறுதிப் பத்திரம் எழுதச் சொல்லி எங்களோடு சண்டை பிடிக்காதீர்கள்.

அந்த வளவு வழக்குக்குப் போகவில்லை. பிரான்ஸ் தம்பி நேரில் வந்து, அந்த வீட்டிலேயே மூன்று நேரம் சாப்பிட்டு, கிணற்றோடு சேர்த்து ஒரு துண்டை அவர்களுக்கே நன்கொடையாக எழுதிவிட்டுப் போனார். அண்ணன் இன்னும் அவரோடு கதைப்பதில்லை.

ஓர்ஸ்ஹில் மாமி:

நான் சுருக்கமாக. 2022 மார்ச் வரை 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனது. பெறாமகன் சுவிஸிலிருந்து உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள்மூலம்) போடவோ வங்கியில் போடவோ என்று கேட்டான். காசு வந்து என்ன, கடையில் சாமான் இருந்தால்தானே. அவன் பிறகு காசை விட்டுவிட்டு மருந்தும் பால்மாவும் பெட்டியில் அனுப்பினான். என் பிறஷர் குளிசையோடு பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவருக்கும் ஒரு அட்டை, பேர் எழுதி. அவரை அவனுக்குத் தெரியாது. நான் போனில் ஒருக்கால் சொன்னதுதான்.

சல்லிப் பிள்ளை:

எல்லாம் வாசித்தேன். கனடா, லண்டன், சுவிஸ். சரி. தமிழ்நாட்டில் இருந்த நாங்கள் இந்தக் கணக்கில் வரமாட்டோமா?

1990 இல் அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு சல்லியிலிருந்து கிளம்பி மன்னார் போய், பேசாலையில் படகேறி இராமேஸ்வரம். மண்டபம் முகாமில் பதிந்து, அப்புறம் கும்மிடிப்பூண்டி முகாம். நான் பிறந்ததும் அங்கே, படித்ததும் அங்கே. 2021 இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நாங்கள் அதற்கு முன்பே திரும்பிவிட்டோம்.

ஊரோடு எங்களுக்கு என்ன தொடர்பு இருந்தது என்று கேட்டால், முகாமில் எங்கள் வரிசையில் பாதிப் பேர் சல்லி, சாம்பல்தீவு ஆட்கள். இங்கே சல்லியில் முத்துமாரி அம்மனுக்குப் பொங்கும் நாளைக் கடிதத்தில் கேட்டு வைத்துக்கொள்வார்கள். போன் வந்த பிறகு போனில். அதே நாள் முகாமில் ஓலைப்பந்தல் போட்டு, செங்கல்லில் படம் சாத்தி, நாங்களும் பொங்குவோம். வெளியே போக அனுமதி கேட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தில், அன்றைக்கு மட்டும் ஆம்பளைகள் வேட்டி கட்டிக்கொண்டு அதிகாரம் பண்ணுவார்கள். எனக்கு இந்த ஊர் அப்படித்தான் தெரியும், கடலைப் பார்க்கும் முன்னமே எந்தத் தெருவில் யார் வீடு என்று சொல்வேன்.

திரும்பி வந்தபோது என் பிறப்புப் பத்திரம் தமிழ்நாட்டுது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிவதுதான் முறை, பிந்தினால் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். முகாமில் இருந்த அம்மாவுக்கு அதை யார் சொன்னது? சென்னைத் துணைத்தூதரகத்தில் வாங்கிய தாள் ஒன்று, இங்கே ஒரு கந்தோரில் கேட்ட தாள் வேறொன்று. அதே மாதம் கனடாவிலிருந்து சித்தப்பா மகன் வந்தான். கோயிலில் அவனுக்கு மாலை, பரிவட்டம். மைக்கில் பேர். நான் தேர் வடம் பிடிக்கிற கூட்டத்தில். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல பிள்ளை, என் பத்திர அலுவலுக்குக் கந்தோர் வாசலில் வந்து வெயிலில் நின்றவன் அவன்தான். மாலை போட்டவர்கள்மேல்தான் கோபம்.

பாலையூற்று அயலவன்:

சல்லிப் பிள்ளை சொன்னதோடு இன்னொன்று. எங்கள் பக்கத்தில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன, மட்டக்களப்புக்கு அடுத்தபடி இங்கேதான் அவர்களின் போர்த்துக்கேய மொழி கொஞ்சமாவது மிச்சம். அதில் ஒரு வீட்டுச் சொந்தம் அவுஸ்திரேலியாவில். போன கலியாணத்துக்குப் பேரப்பிள்ளைகள் வந்து, அவர்களின் கபரிஞ்ஞா நடனம் ஆட இங்கேயுள்ள கிழவியிடம் மூன்று பின்னேரம் பழகினார்கள். கிழவி தமிழில் திட்டினா, அவர்கள் இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டார்கள், பாட்டு மட்டும் போர்த்துக்கேயத்தில். மழை வந்து பந்தல் சரிந்தும் ஆட்டம் நிற்கவில்லை.

ஸ்காபரோ வாசி:

@சல்லிப் பிள்ளை, தங்கச்சி, நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் போட்டேன். சங்கத்தின் உறுப்பினர் படிவத்தைத் திறந்து பார்த்தேன், வசிக்கும் நாடு என்ற இடத்தில் கனடா, பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா. இந்தியா இல்லை, இலங்கையே இல்லை. ஊரில் இருக்கும் பழைய மாணவர் சேரமுடியாத பழைய மாணவர் சங்கம். அடுத்த கூட்டத்தில் இதைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன். உங்கள் அம்மா எங்கள் பள்ளிக்கூடமா?

சல்லிப் பிள்ளை:

ஓம் அண்ணா, எட்டாம் வகுப்பு மட்டும். சந்தா எவ்வளவு? டொலரில் சொல்லாதீர்கள்.