கல் வீட்டுச் சுவரில் ஓதம்: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

கேள்வி: அண்ணா, இங்கே வந்து பழைய கல் வீட்டில் குடியேறி மூன்று மாதம்தான் ஆகிறது. படுக்கையறை மூலைச் சுவர் ஈரமாகவே இருக்கிறது, அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம். வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: அடிக்காதீர்கள் தம்பி. நான் அடித்துப் பட்டவன். முதல் மாதம் சுவர் பளபளவென்று இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே இருந்த காரை மாவாகக் கொட்டியது.

அந்தக் காலத்துக் கல் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. ஈரத்தை உறிஞ்சும், வெயிலிலும் காற்றிலும் அதை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயின்டோ ஏறினால் ஈரத்துக்குப் போக வழியில்லை.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஈரமான இடத்தைத் துடைத்துவிட்டு, சமையலறை அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வேர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. துல்லியமான சோதனை இல்லைதான், ஆனாலும் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

உங்கள் பூசணம் அலமாரிக்குப் பின்னால் என்பதால் எனக்குக் காற்றின் ஈரம் மேல்தான் சந்தேகம். துணியை அறைக்குள் காயப்போடுகிறீர்களா? ஒருமுறை துவைத்த துணியிலிருந்தே லிட்டர் கணக்கில் தண்ணீர் காற்றில் கலக்கும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 40 முதல் 60 சதவீதம் நல்லது, 70க்கு மேலேயே நின்றால் பூசணம் வரத்தான் செய்யும். அலமாரியைச் சுவரைவிட்டு நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

சுவருக்குள்ளிருந்து என்றால், பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்று பாருங்கள். கூரை ஓரத்துப் பீலி (மழைநீர் வடியும் வாய்க்கால்) அடைத்துச் சுவரில் வழிகிறதா என்று அப்போதுதான் தெரியும். பூச்செடிக்காகக் கொட்டிய மண், உள்தரை மட்டத்துக்கு ஏறியிருந்தால் 15 சென்டிமீட்டராவது கீழே இறங்கும்படி வெட்டி எடுக்கவேண்டும். என் வீட்டில் பாதிப் பிரச்சினை அந்த மண்தான்!

ஈரம் அளக்கும் மீட்டரைச் சுவரில் குத்திக் காட்டி, துளை போட்டு ஈரத்தைத் தடுக்கும் மருந்து ஏற்றலாம் என்று ஒருவர் வருவார். அந்த மீட்டர் மரத்துக்கு அளவிட்டது; சுவரில் உப்புப் பூத்திருந்தாலே அதிகம் காட்டும். கல் சுவரின் நடுவே சல்லியும் பொந்துமாக இருப்பதால் மருந்தும் சீராகப் பரவாது.

வாடகை வீடு என்றால் எதிலும் கைவைக்காமல், தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

கேள்வி: சரி அண்ணா, காரணத்தைச் சரிசெய்தால் எத்தனை நாளில் காயும்?

பதில்: அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு. இரண்டடிச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒரு வருடம் ஆகும். அதுவரை பூச்சு வேலை வேண்டாம். அப்புறம் பூசும்போது சுண்ணாம்புக் காரையே பூசச் சொல்லுங்கள்.