சுகர் இருந்தால் பாலை நிறுத்தத்தான் வேண்டுமா?

நிலவன்:
"சுகர் வந்துவிட்டால் பாலை அடியோடு விடு" என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் கட்சி அதுதான். 200 மில்லி பாலில் கிட்டத்தட்ட 10 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. கிளைசெமிக் குறியீடு (ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற அளவு) குறைவு என்று நிம்மதி அடையாதீர்கள். பால் குடித்தால் ரத்தச் சர்க்கரை கொஞ்சம்தான் ஏறும், இன்சுலினோ அதற்குப் பொருந்தாத அளவுக்கு எகிறும். கணையம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இது எதற்கு?

மழைத்துளி:
இன்சுலின் சுரந்தாலே கேடு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பால் திரிந்தால் பிரியும் தெளிநீரில் இருக்கும் வே புரதம், இன்சுலின் சுரக்க உதவும் ஜிஎல்பி-1 ஹார்மோனைக் குடலில் தூண்டுகிறது, இரைப்பையும் மெதுவாகக் காலியாகிறது. டைப் 2 (பெரியவர்களுக்குப் பரவலாக வரும் சர்க்கரை நோய் வகை) உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் வே புரதம் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், சாப்பிட்ட பிறகு சுகர் குறைவாகத்தான் ஏறியது.

நிலவன்:
அது சில மணி நேரக் கணக்கு. வருஷக்கணக்கில் என்ன ஆகும்? தயிர் சாப்பிடுபவர்களுக்கு டைப் 2 குறைவு என்பதெல்லாம் மக்களைக் கவனித்து எழுதியவை. தயிரைத் தேடிச் சாப்பிடுபவர் நடக்கவும் போவார், சிகரெட்டையும் தொட மாட்டார். எந்தப் பலன் எதனால் வந்தது? அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மார்ச்சில் வாரம் 2 கப் தயிர் டைப் 2 அபாயத்தைக் குறைக்கலாம் என்று விளம்பரப்படுத்த அனுமதித்தது. சான்று குறைவு என்பதையும் சேர்த்தே போட வேண்டும் என்றது.

மழைத்துளி:
சரி, அது உறுதியான சான்று இல்லைதான். அதே தராசில் உங்கள் வாதத்தையும் வையுங்கள். பாலைப் பற்றிய இன்னொரு பயத்தையும் பாருங்கள். பசும்பால் புரதம் டைப் 1-ஐ (கணையத்தில் இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்றுபோகும் சர்க்கரை நோய் வகை) கொண்டுவருமோ என்ற சந்தேகத்துக்காகவே டிரிகர் என்ற சோதனை 15 நாடுகளில் நடந்தது. அந்தப் புரதத்தை நன்கு சிதைத்துத் தயாரித்த மாவுப்பாலைக் குழந்தைகளுக்குக் கொடுத்தும் நோய் குறையவில்லை. முடிவு வெளியானது 2018-ல். பிறகும் பயமுறுத்துவது நியாயமா? பாலை விட்டவர் அதிலிருந்த புரதத்துக்கும் கால்சியத்துக்கும் வேறு வழி தேட வேண்டாமா?

கயல்:
பழச்சுவைத் தயிர் டப்பாவை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். முன்னால் "கொழுப்பு நீக்கியது" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், சேர்த்த சர்க்கரையின் அளவு பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். வெறும் தயிரும் அதுவும் ஒன்றல்ல.

நிலவன்:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. பாலை விட மாட்டேன் என்பவர் குடிப்பதற்கு முன்னும் 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்க்கட்டும். கார்போஹைட்ரேட் கணக்குப் பார்த்து இன்சுலின் போடுபவர் அந்த 10 கிராமையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டோஸை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.