புதுப்பிப்பு: ஜார்ஜியா பைன் காடு, சொத்துவரி, வேட்டைக் குத்தகை

வேட்டைக் குழுவுக்கு 40 ஏக்கர் பைன் காட்டைக் குத்தகைக்கு விட்டால், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மரம் வளர்க்கும் நிலத்துக்குக் கிடைக்கும் சொத்துவரிச் சலுகை போய்விடுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. போகவில்லை. கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்திலேயே கேளுங்கள் என்று ஒருவர் சொன்னார், அதுதான் உதவியது: சலுகைக்காகக் கவுண்டியோடு 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டு நிலத்தை மரம் வளர்க்கவே வைத்திருக்கும்வரை வேட்டை உரிமையைக் குத்தகைக்கு விடுவது ஒப்பந்த மீறல் ஆகாதாம்.

குத்தகைப் பணம் வாடகை வருமானம்தான், மத்திய வருமானவரிப் படிவத்தில் வாடகை வருமானத்துக்கான ஷெட்யூல் ஈ என்ற இணைப்பில் போகும். என் கணக்காளர் முதலில் சுயதொழில் வருமானமாகப் போட்டு வைத்திருந்தார், நல்லவேளை அனுப்புமுன் பார்த்துவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: நிற்கும் மரத்துக்கு ஆண்டுதோறும் வரி இல்லை, ஆனால் வெட்டி விற்கும்போது ஒருமுறை உண்டு. ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் அபராதமும் உண்டு, அதனால் அந்த நிலத்தில் வீடு கட்டும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.